கறிக்கடை முதலாளியின் வயிறு

எங்கள் தெருவில் முதலாளி என்றால் அது நாய். கறிக்கடைக்காரரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதற்கான தோரணை அவரிடம் கிடையாது. விடிந்ததிலிருந்து ரப்பர் செருப்பும் பிளாஸ்டிக் ஏப்ரனுமாக வெட்டுக்கட்டைக்கு முன்னால் குனிந்தபடியே நிற்பார். கடை வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டு, வருகிறவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'சரி, போ' என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அந்தச் செம்பட்டை நாய்க்குத்தான் எல்லாத் தோரணையும். "முதலாளி இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே படியேறுவோம். "இருக்காரு, கேட்டுட்டு உள்ள வா" என்பார் கடைக்காரர்.

அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. நாய்தான் பலகை. "என் நாய் திங்காததை நான் யாருக்கும் போடறதில்ல" என்று வாய்ப்பாடு மாதிரிச் சொல்வார். தினமும் ஆட்டைக் கொக்கியில் மாட்டி, முதல் வெட்டு விழுந்ததும் அதில் ஒரு எலும்பு முதலாளிக்குப் போகும். அது நொறுக்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் எங்களுக்கும் தொடைக்கறி வேண்டும், நெஞ்செலும்பு வேண்டும் என்று கேட்க வாய் வரும்.

நாய் என்ன தின்கிறது என்று தெரிந்த தெருவுக்கு அதற்கு என்ன போகிறது என்பதும் தெரியும். கடையை ஒட்டிச் சுவர் எழுப்பாத காலிமனை ஒன்று. முதலாளி அங்கேதான் போகும். வெள்ளை வெளேரென்று சாக்பீஸ் துண்டு போலப் போய்வைக்கும். நாற்றம் கிடையாது. வெயில் பட்டால் பொடிந்து காற்றோடு போய்விடும். மற்ற நாய்களின் அசிங்கத்தை மிதித்துவிட்டுச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போகிறவர்கள், "போறதுகூட முதலாளிக்கு எவ்வளவு சுத்தம் பாருங்க" என்று மெச்சுவார்கள். கடைக்காரர் மனைவிக்கு அதில் பெருமை. "தின்னறது அப்படி" என்பாள்.

அவளை அக்கா என்று சொல்லாத ஆள் தெருவில் இல்லை, அவளைவிட மூத்தவர்கள் உட்பட. முன்பக்கம் கடை, நடுவில் ஒரே அறை, பின்பக்கம் தண்ணீர்க்குழாய் உள்ள சிமெண்டுத் தளம். அந்தத் தளம்தான் அவளுடைய ராஜ்ஜியம். குடலை ஒரு குச்சியில் செருகி உள்ளே இருப்பதை வெளியே திருப்பி, கல்லுப்புப் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் முக்கி, மறுபடி தேய்த்து, பச்சைத் தண்ணீரில் அலசி, வெள்ளைத் துணிபோல் தொங்கவிடுவாள். விரல்கள் எப்போதும் ஊறிச் சுருங்கியே இருக்கும். ஒரே மகளையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வேலைக்கு நடுவே அவள் பேசிக்கொண்டிருப்பது நாயிடம்தான். சுவர் மெல்லியது என்பதால் எங்களுக்கும் கேட்கும். நாங்கள் ஒன்றும் காதை வைத்துக் கேட்டதில்லை.

அந்த வருஷம் வெயில் தாங்க முடியவில்லை. குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. ஈ மொய்க்காமல் இருக்கக் கறியின்மேல் ஈரத்துணி போட்டு, துணி காயக் காய நனைத்துக்கொண்டே இருந்தார் கடைக்காரர். அந்த நேரம் பார்த்து எங்கள் தெரு டீச்சர் வீட்டில் ஒரு விருந்து, கறி இந்தக் கடையில் வாங்கியது. விருந்து முடிந்த மறுநாள் அவர்கள் வீட்டில் இருக்கும் ஒரே கழிப்பறைக்கு வெளியே, விருந்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் வரிசை கட்டி நின்றார்கள். விருந்தில் அவர்கள் வெட்டிவைத்த பழமும் தின்றார்கள், கடையில் வாங்கிய ஐஸ்கிரீமும் தின்றார்கள். ஆனால் டீச்சருக்குக் கறியின்மேல்தான் சந்தேகம் வந்தது.

அதே வாரம்தான் காலை நடைக்குப் போன எங்கள் தெருப் பென்ஷன்காரர் மூச்சிரைக்கத் திரும்பி வந்து செய்தி சொன்னார்.

"முதலாளிய மனையில பாத்தேன். உக்காருது, எந்திரிக்குது. பத்தடி நடக்குது, திரும்ப உக்காருது. தண்ணி மாதிரி ரெண்டு சொட்டு. அவ்வளவுதான்."

"வயித்தால போகுதா?"

"வேற எப்படிப் போகும்? கூடவே கோழை மாதிரி ஒண்ணு. கிட்டப் போய்ப் பாத்தேன்."

"நீங்க எதுக்குங்க கிட்டப் போய்ப் பாத்தீங்க?"

"பாக்காம எப்படிச் சொல்றது?" என்றார் அவர், நியாயமாகத்தான்.

டீச்சர் வீட்டு வயிறும் முதலாளி வயிறும் ஒன்றாகக் கெட்டால் நாங்கள் என்ன முடிவுக்கு வருவது? வந்தோம். வந்ததும், மனிதாபிமானத்தோடு கடைக்குப் போய் விசாரித்தோம். "என்னங்க, முதலாளிக்கு உடம்பு முடியலையாமே?" கடைக்காரர் முகம் கறுத்தது. "யாரு சொன்னா? கல்லு மாதிரி இருக்கான்" என்றார். அதைவிட உண்மையான வார்த்தையை அவர் தன் ஆயுளில் சொன்னதில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அன்றைக்கு மத்தியானம் கடை சாத்தியதும் பின்பக்கம் சண்டை.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. முக்குதுங்க. முக்கி முக்கிக் கால் நடுங்குது."

"மெயின் ரோட்டுல கண்ணாடிக் கதவு போட்டு வெச்சிருக்காங்க அந்த ஆஸ்பத்திரி. போறவன் வர்றவன் எல்லாம் பாப்பான். கறிக்கடை நாய்க்கு வயித்தால போகுதுன்னு பேர் குடுத்துட்டு பெஞ்சுல உக்காரச் சொல்றியா?"

"நாய்க்கு வயித்தால போறது ஊருல நடக்காததா?"

"மத்த நாய்க்கு நடக்கலாம். இதுக்கு நடக்கக்கூடாது. இதுக்கு நடந்தா கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"அப்போ கடைய மூடுங்க."

"மூடிட்டு? உன் அப்பன் வீட்டுல போய் உக்காரவா?"

"எங்கப்பன் செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. அவரை எதுக்கு இழுக்கறீங்க? நாய் பேச்சப் பேசுங்க."

சாயங்காலம் கடைக்காரர் மருந்துக்கடைக்குப் போனார். நாய்க்கு என்று கேட்க முடியாது. தனக்கு என்றும் கேட்க முடியாது. கறி விற்கிறவனுக்கே வயிற்றுப்போக்கு என்றால் அதைவிட மோசம். ஊரிலிருந்து வந்திருக்கும் மச்சானுக்கு என்று சொன்னார். மருந்துக்கடைக்காரர் கட்டுப்படுத்துகிற மாத்திரையைக் கொடுத்து, "தண்ணி ஆகாரம் வேணாம்னு சொல்லுங்க, நிக்கிற வரைக்கும்" என்றார். அந்த மச்சானைப் பார்க்க நாங்கள் எவ்வளவோ முயன்றோம். யாரோ குளித்துவிட்டுத் துண்டு காயப்போட்டதாகவோ, ஓர் அந்நியச் செருப்பு வாசலில் கிடந்ததாகவோ தகவல் இல்லை. வந்தவர் வெளியே தலைகாட்டாமல் வயிற்றோடு போராடிக்கொண்டிருக்கிறார் என்று விட்டுவிட்டோம்.

மாத்திரையை ஈரலுக்குள் பொதிந்து கொடுத்தது அக்காதான். தண்ணீர்ச் சட்டியை எடுத்துப் பரண்மேல் கவிழ்த்ததும் அவள்தான். நாய் சட்டி இருந்த இடத்தில் போய்த் தரையை நக்கிக்கொண்டு நிற்குமாம்.

இதற்கிடையில் கடைக்காரர் ஒரு காரியம் ஆரம்பித்தார். முன்பெல்லாம் எலும்பைப் போகிற போக்கில் போடுவார். இப்போது கூட்டம் சேரும்வரை காத்திருந்து, கத்தியின் பிடியால் கட்டையைத் தட்டி, எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் போட்டார். "பாத்துக்கங்க. நேத்து வெட்டினது இல்ல, இப்ப வெட்டினது." நாய் எழுந்து வந்து தின்னும். அவர் எங்கள் முகத்தைப் பார்ப்பார். யாராவது உதட்டைப் பிதுக்கினால் இன்னொன்று. தெருக்கோடிக் கோழிக்கடைப் பக்கம் ஒதுங்கிய பழைய வாடிக்கை யாராவது தெருவில் போனால், அவர்கள் காதில் விழும்படி மூன்றாவது. நல்ல எலும்பாகப் பார்த்துப் போட்டார். விற்றால் காசாகிற நல்லி எலும்பு.

நாங்களும் சும்மா இருந்தோமா என்றால் இல்லை. "இன்னைக்கு முதலாளி சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் படியேறினோம். கேட்டவர் ஒவ்வொருவருக்கும் கண்ணால் காட்ட வேண்டியிருந்தது அவருக்கு. காலையில் பத்துப்பேர் அக்கறையாகக் கேட்டால் நாய்க்குப் பத்து எலும்பு. அது தின்று முடித்துவிட்டு மனைக்குப் போய்க் கூன் விழுந்த மாதிரி முதுகை வளைத்து உட்காரும். ஒன்றும் வராது. இரண்டு சொட்டு வரும். வாலைக் கீழே செருகிக்கொண்டு வந்து வாசலில் நிற்கும். படுக்காது. வயிறு தரையில் பட்டால் வலிக்கும்போல. அது எங்களுக்குத் தெரியவில்லை. "முதலாளி இப்பல்லாம் நின்னுட்டே காவல் காக்குறாரு" என்று சிரித்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரிசை மருந்துக்கடை வரைக்கும் நீண்டிருந்தது. கடைக்காரர் உற்சாகமாக இருந்தார். பழைய முகங்கள் திரும்ப ஆரம்பித்திருந்தன. டீச்சரே வந்து நின்றாள். டீச்சரைக் கண்டதும் அவர் கட்டையைத் தட்டினார். ஒரு நல்லி எலும்பைத் தூக்கிக் காட்டிவிட்டு வாசலில் போட்டார்.

முதலாளி எழவில்லை. ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது. மெதுவாகக் குனிந்து மோந்தது. மரியாதைக்காக வாயில் எடுத்தது. கடைக்காரரை ஒரு தடவை பார்த்தது. பிறகு எலும்பைச் சத்தம் வராமல் தரையில் வைத்துவிட்டது.

வரிசை முழுதும் எட்டிப் பார்த்தது.

"சாப்பிடலையே" என்றார் பென்ஷன்காரர்.

"திங்கும், திங்கும். நேத்து ராத்திரி ஜாஸ்தி." கடைக்காரர் கத்தியோடு இறங்கி வந்தார். எலும்பை எடுத்து அதன் வாய்க்குள் வைத்துத் தாடையை இரண்டு பக்கமும் பிடித்தார். "தின்னு. தின்னுடா. மானத்த வாங்காத."

நாய் கடித்தது. நொறுங்குகிற சத்தம் வந்தது. டீச்சர் பையை இறுக்கிப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினாள்கூட. அடுத்த நொடி முதலாளி முதுகை வளைத்து, மஞ்சள் நுரையும் எலும்புச் சில்லுமாகக் கடைப்படியிலேயே வாந்தி எடுத்தது. எடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து முக்கி, ஒரு கத்துக் கத்தியது. நாய் கத்துவதுபோல் இல்லை அது. கீழே கோழையோடு சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

கடைக்காரருக்கு என்ன தோன்றியதோ, தோளில் கிடந்த ஈரத்துணியை எடுத்து அதன் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தார். இரண்டாவது அடிக்கு ஓங்கினபோது அக்கா வந்துவிட்டாள். முழங்கை வரை குடல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தொட்டே, கைய வெட்டிடுவேன்."

அவள் புருஷனை 'நீ' என்று சொன்னதை எங்கள் தெரு அன்றைக்குத்தான் கேட்டது.

"உள்ள போடி. ஆளுங்க நிக்கறாங்க."

"நிக்கட்டும். ஆளுங்களுக்காகத்தான அதைக் கொல்றே? நின்னு பாக்கட்டும்."

"கத்தாத. மெதுவாப் பேசு."

"கத்துவேன்." வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "நாய்க்கு வயித்தால போகுது! இன்னைக்கு நேத்திக்கு இல்ல, வெயில் ஆரம்பிச்சதுலேர்ந்து போகுது! போதுமா? யாருக்காவது கேக்கலையா? மருந்துக்கடைக்காரரே, மச்சானுக்குன்னு மாத்திரை குடுத்தீங்களே, அந்த மச்சான் இதுதான்! வந்து நாடி பிடிச்சுப் பாருங்க!"

மருந்துக்கடைக்காரர் அவசரமாக உள்ளே எதையோ தேடப் போனார்.

"டீச்சர், உங்க வீட்டுல எல்லாருக்கும் சரியாயிடுச்சுல்ல? இதுக்கு ஆகல. போய் எல்லார்கிட்டயும் சொல்லுங்க. என் புருஷன் சொல்லமாட்டாரு. அவருக்கு வாயில்ல."

தெருக்கோடிக் கோழிக்கடைக்காரன், எதிராளி கடையில் நடக்கிற கூத்தைப் பார்க்கத் தன் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தான். அக்காவின் கண் அவன்மேல் விழுந்தது.

"வண்டி இருக்குல்ல? எடு."

"எனக்கு வியாபார நேரம்க்கா."

"எடுடான்னா."

அவன் கோழிக்கூண்டுகளைத் தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டு மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்தான். இரண்டு பேருமாக நாயைச் சாக்கில் வைத்துத் தூக்கினார்கள். கடைக்காரர் கத்தியோடு நின்றார். "நானும் வரேன்" என்று சொன்னதுபோல் இருந்தது. வண்டி போய்விட்டது. வரிசையும் அப்படியே கரைந்தது. கொக்கியில் முக்கால் ஆடு தொங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கோழிக்கடைக்காரனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் நினைத்தோம். எதிராளி என்று பெயர். அவனைவிட ஆசையாகச் சொல்ல யார் இருக்கிறார்கள்? "கோழி வேணுமா? முழுசா, வெட்டியா?" என்பதற்கு மேல் அவன் வாயைத் திறக்கவில்லை. மனுஷன் இப்படி ஏமாற்றுவான் என்று எதிர்பார்க்கவில்லை. நல்லவேளை, டாக்டரம்மாவுக்கு உதவிக்கு இருக்கிற பெண் எங்கள் பக்கத்து வீட்டு மருமகளின் தங்கை.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தபோதே முகம் மாறிவிட்டதாம்.

"என்ன சாப்பாடு?"

"நல்ல சாப்பாடுதாங்க. கறிக்கடை வீட்டு நாய்."

"நல்ல சாப்பாடுன்னா?"

"எலும்பு."

"எலும்பு மட்டுமா?"

"நல்லி எலும்பு" என்றாளாம் அக்கா. அந்த நேரத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை.

படம் எடுத்து வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார்கள். வயிற்றின் பின்பாதியில், இடுப்பெலும்பு வரைக்கும், சுண்ணாம்பு பூசிய கழிபோல வெள்ளையாக ஒன்று படுத்திருந்தது.

"இது வயித்தால போறது இல்லம்மா. அடைச்சுக்கிட்டு இருக்கு. தின்ன எலும்பெல்லாம் அரைஞ்சு சிமெண்டு மாதிரி இறுகிப் போச்சு. அந்தக் கட்டியச் சுத்தி வழியிற தண்ணியத்தான் நீங்க வயித்துப்போக்குன்னு பாத்திருக்கீங்க. முக்க முக்க உள்ள கிழிஞ்சு ரத்தம். முன்னாடி வெள்ளையா, பொடிப்பொடியாப் போயிருக்குமே?"

"சுத்தமாப் போச்சுங்க. நாங்க சந்தோஷமா இருந்தோம்."

"அப்பவே வந்திருக்கணும்."

"மாத்திரை குடுத்தேன். நிக்கறதுக்கு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாராம். "யாரு குடுத்தது?"

"மருந்துக்கடையில."

"அவரு நாயைப் பாத்தாரா?"

"மச்சானுக்குன்னு சொல்லி வாங்கினது."

"மச்சானையாவது பாத்தாரா?"

அக்கா ஊறிச் சுருங்கிய தன் விரல்களைப் பார்த்தாளாம். "தினமும் குடல்லதாங்க கைய வெச்சிருக்கேன். எனக்கே தெரியல" என்றாளாம்.

"செத்த ஆட்டுக் குடல் வேற, உயிரோட இருக்கறதோட குடல் வேற. தண்ணி எவ்வளவு குடிக்குது?"

அதற்குத்தான் அவள் அழுதாள் என்று அந்தப் பெண் சொன்னாள்.

மயக்க ஊசி போட்டு, வெந்நீரும் எண்ணெயுமாக ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்க வேண்டியிருந்தது. நாயை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அக்கா வீட்டுக்கு வந்தாள். வந்தவள் குடலைத் தொடவில்லை. பின்பக்கத் தளத்தில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் வந்து கதவருகில் நின்றார். கறி விற்கவில்லை. நாய் செத்துவிட்டது என்று அதற்குள் பேச்சு எழும்பியிருந்தது. யார் எழுப்பினார்களோ.

"என்ன சொன்னாங்க?"

குழாயைத் திறந்து மூடுகிற சத்தம்.

"கேக்கறேன்ல? என்னவாம்?"

"எலும்பு."

"என்ன எலும்பு?"

"நீ போட்ட எலும்பு. ஒண்ணுகூட வெளிய போகல. எல்லாம் உள்ளயே இருக்கு. நீ தட்டித் தட்டிப் போட்டியே, பாத்துக்கங்க பாத்துக்கங்கன்னு, அத்தனையும் இருக்கு. படத்துல பாத்தேன்."

"தின்னுச்சே. நான் என்ன வாயிலயா திணிச்சேன்?"

"திணிச்சே."

"அது இன்னைக்கு. அதுக்கு முன்னாடி? வாலாட்டிக்கிட்டுத்தான தின்னுச்சு?"

"நீ குடுத்தா அது தின்னும். கல்லக் குடுத்தாலும் வாலாட்டிக்கிட்டுத் தின்னும். உனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் அதைக் கொண்டுபோய் வாசல்ல வெச்சே."

"பயந்துட்டேன்டி. ஒருத்தன் நின்னு மூஞ்சியப் பாத்துக் கேக்கமாட்டேங்கறான். எல்லாம் சுத்தி வளைச்சு, சிரிச்சுக்கிட்டே கேக்கறானுங்க. முதலாளி எப்படி, முதலாளி எப்படின்னு. நான் என்னைக்காவது பழைய கறிய வித்திருக்கேனா? நீயே சொல்லு."

"இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் அதை நீ சொல்லியிருக்கணும். டீச்சர் வீட்டுக்குப் போய் வாசல்ல நின்னு சொல்லியிருக்கணும். உனக்கு வாய் இருக்குல்ல? நாய் வாயால எதுக்குய்யா சொன்னே?"

 "நீயும்தான் மாத்திரை குடுத்தே" என்றார் கடைக்காரர். சொல்லியிருக்கக் கூடாது.

வாளி சுவரில் வந்து மோதியது. எங்கள் பக்கம் பூச்சு உதிர்ந்தது.

"ஆமா, குடுத்தேன்! தண்ணியையும் பிடுங்கினேன்! தரைய நக்கிட்டு என்னையே பாத்துச்சு, சும்மா இருன்னு அதட்டினேன்! திட்டு! அதுக்கு யாராவது என்னைத் திட்டுங்களேன்! எல்லாத்துக்கும் வாய் இருக்கே இந்தத் தெருவுக்கு, இதுக்கு மட்டும் ஒருத்தருக்கும் இல்லையா!"

கடைசி வரி சுவரைப் பார்த்துச் சொன்னதாகப் பட்டது. நாங்கள் ஜன்னலை மெதுவாகச் சாத்திக்கொண்டோம்.

நாய் திரும்பி வந்தபோது அதை முதலாளி என்று சொல்ல வாய் வரவில்லை. விலா எண்ணிக்கொள்ளலாம்போல் இருந்தது. முன்காலில் ஊசி குத்த மயிரைச் சிரைத்திருந்தார்கள். மசித்த பூசணிக்காயும் குழைந்த சோறும், குடிக்கிற மட்டும் தண்ணீரும், ஒரு பாகு மருந்தும். எலும்பு இனி ஆயுசுக்கும் கிடையாது. கரைத்து எடுத்ததெல்லாம் எடுத்தாகிவிட்டது. ஆனால் குடல் அவ்வளவு நாள் விரிந்தே கிடந்ததில் சுருங்க மறந்துவிட்டிருக்கலாம், இன்றைக்குள் தானாகப் போகவில்லை என்றால் நாளைக்கு வயிற்றைக் கிழித்துத்தான் பார்க்க வேண்டும், இருக்கிற நிலைமையில் அதைத் தாங்குமா என்று சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

அதனால் அன்றைக்குக் காலையிலிருந்து அக்கா அதை நடத்திக்கொண்டே இருந்தாள். தெருக்கோடி வரை போவாள், திரும்புவாள். கடை திறந்திருந்தது. கறி வாங்க வந்தவர்கள் பாதி, பார்க்க வந்தவர்கள் பாதி என்று நல்ல கூட்டம். கடைக்காரர் யாரோடும் பேசாமல் வெட்டினார். கட்டையைத் தட்டவில்லை. டீச்சர் முறை வந்தபோது மட்டும் கத்தியை நிறுத்தி, "டீச்சர், இது காலையில அறுத்தது. அன்னைக்குக் குடுத்ததும் காலையில அறுத்ததுதான். நம்பினா வாங்குங்க" என்றார்.  டீச்சர் தலையாட்டினாள்.

அப்போதுதான் நாய் மனைக்குள் இறங்கியது. மோந்து பார்த்தது. ஓர் இடத்தைச் சுற்றியது, இன்னொரு சுற்றுச் சுற்றியது. பின்னங்கால்களை மடக்கி உட்கார்ந்தது. உட்கார்ந்தபடி தலையைத் தூக்கினால் எதிரே இவ்வளவு பெரிய கூட்டம். எழுந்துவிட்டது. நகர்ந்து போய் மறுபடி உட்கார்ந்தது. மறுபடி எங்களைப் பார்த்தது. மறுபடி எழுந்தது.

"வரல போலிருக்கு" என்றார் பென்ஷன்காரர்.

அக்கா திரும்பினாள்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க."

"என்னம்மா?"

"திரும்பி நில்லுங்கன்னேன். கூச்சப்படுது. ஒருத்தர் பாக்கக்கூடாது. பேசக்கூடாது. இவ்வளவு நாள் பாத்தது போதும்."

எங்கள் தெருவைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று புரியும். நாங்கள் திரும்பினோம். வரிசை முழுதும் மனைக்கு முதுகைக் காட்டி மருந்துக்கடையைப் பார்த்து நின்றது. எங்களுக்கு எதிர்முகமாக இருந்த மருந்துக்கடைக்காரர் தானாகவே தன் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெட்டுகிற சத்தம் நின்றது. யாரும் சொல்லாமலே கடைக்காரர் கத்தியை அந்தரத்தில் நிறுத்தியிருந்தார். ஈ பறப்பது கேட்டது. முதுகில் வெயில் எரிந்தது. பென்ஷன்காரரின் கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. மனிதர் உள்ளுக்குள் பெரிய போராட்டமே நடத்தினார்.

பின்னால் காய்ந்த சருகு நசுங்கியது.

"அவசரமே இல்ல" என்று அக்காவின் குரல் மட்டும், மிகத் தாழ்வாக. "மெதுவா. யாரும் பாக்கல. ஒரு நாய் பாக்கல."

முக்குகிற சத்தம். ஒன்றுமில்லை. மறுபடி முக்குகிற சத்தம். அந்தக் கத்தல் வரப்போகிறது என்று டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வரவில்லை. பிறகு நாய் தன் பின்னங்கால்களால் மண்ணை வாரி இறைப்பது கேட்டது. இரண்டு இறைப்பு. ஒரு கல் வந்து யார் காலிலோ பட்டது.

வெகு நேரம் கழித்து, "திரும்புங்க" என்றாள்.

ஒரு காகிதத்தில் அதை எடுத்து இரண்டு கையிலும் ஏந்தியிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. கண் சிவந்திருந்தது. நேராக வரிசைக்கு வந்து முதல் ஆளாகப் பென்ஷன்காரர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க. கிட்ட வந்து பாக்கறவருதான நீங்க? நல்லாப் பாருங்க. தண்ணியா?"

"இல்லம்மா."

"வாயத் தொறந்து சொல்லுங்க. எப்படி இருக்கு?"

"கெட்டியா இருக்கு."

"ரத்தம் இருக்கா?"

"இல்ல."

அடுத்த ஆள். அதற்கடுத்த ஆள். ஒருவரையும் விடவில்லை. மூக்கைப் பொத்தியவர்களைப் பொத்த விடவில்லை. "டீச்சர், என்ன கலரு? பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றீங்கல்ல, சொல்லுங்க." டீச்சர், "பழுப்பு" என்றாள். "கொஞ்சம் மஞ்சள் கலந்த பழுப்பு." "பூசணிக்கா" என்றாள் அக்கா. "கறிக்கடை நாய் பூசணிக்கா திங்குது. போற இடத்துல எல்லாம் சொல்லுங்க." மருந்துக்கடைப் படியேறி உள்ளே போய் அவருக்கும் காட்டிவிட்டு இறங்கினாள். கோழிக்கடைக்காரன் அன்றைக்கும் கம்பத்தடியில் நின்றிருந்தான். அவனிடம் காட்டவில்லை. அவனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

கடைசியாகக் கட்டைக்கு முன்னால் போய் நின்றாள்.

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். அந்தக் காகிதத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.  இரண்டு கையையும் ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நீட்டி வாங்கிக்கொண்டார்.

"கொண்டுபோய்ப் பொதைச்சுட்டு, சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வந்து வெட்டு" என்றாள். "ஆளுங்க நிக்கறாங்க."

நாங்கள் நின்றோம்.